நீலம் வெள்ளியில் கரையும் இடம்

புரொபசர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர் அல்லர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விபத்துப் படிவங்களைச் சரிபார்ப்பதுதான் அவர் உத்தியோகம். ஆனால் யார் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும் "அது அப்படி இல்ல" என்று ஆள்காட்டி விரலைத் தூக்கிவிடுவார். தண்ணீர் கொதிப்பதைப் பற்றிக்கூட அவரிடம் ஒரு மறுப்பு இருந்தது. அப்படி ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. கேலி என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பதவி உயர்வு கிடைத்த மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

அவர் மனைவியின் தங்கை கார் பெயிண்டர். பஸ் டிப்போவுக்குப் பின்புறம் இருக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்ப்ரே கன் பிடிக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "பெயிண்டர் எங்கம்மா?" என்பார்கள். "சாப்பிடப் போயிருக்கார், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே முகமூடியை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வாள். சிலர் முக்கால் மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயிண்டருக்கு அத்தானைக் கண்டாலே ஆகாது. அவர் டிரம் வாசிப்பவர் என்று சொல்லித்தான் அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். வந்து பார்த்தால் தாளம் என்பது அவர் இருக்கும் தெருவுக்குள்ளேயே வராது என்று தெரிந்தது. நாலு அடி ஒழுங்காக அடித்தால் ஐந்தாவது அடி எங்கேயாவது போய் விழும். தனக்கு வாசிப்பு வராது என்று ஒப்புக்கொள்கிற மனுஷன் வேறு ஏதாவது பிழைப்பைப் பார்ப்பான். இவர் 'விண்டேஜ்' என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய டிரம்களை வாங்கிச் சேர்த்து, அவற்றின் திருகாணி எந்த வருஷத்தது, பித்தளை எந்த வருஷத்தது என்று அளந்துவிட ஆரம்பித்தார். வாசிக்கத் தெரிந்தால்தானே தப்பாக வாசிக்க முடியும்? பேசுவதில் அந்த ஆபத்தே இல்லை.

சாப்பாட்டு அறை முழுக்க டிரம். மேஜையைக் கழற்றிப் படுக்கைக்கு அடியில் தள்ளியாகிவிட்டது. மரத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அவர் வாதம். அக்கா ஆறு வருஷமாகச் சமையலறையில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுகிறாள். மரம் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நாலு ஷெல்களை வேனில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றார். தோல், வளையம், திருகாணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மிஞ்சும் மர உருளைதான் ஷெல். காலால் உதைத்து அடிக்கும் பெரியது ஒன்று, தரையில் நிற்பது ஒன்று, மேலே மாட்டுவது ஒன்று, தட்டையான ஸ்னேர் ஒன்று. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் புரொபசரே சமையல் கத்தியால் கிழித்து எடுத்திருந்தார். கத்தி வழுக்கின இடமெல்லாம் மரத்தில் பள்ளம்.

அவர் கையில் ஒரு பழைய விளம்பரத்தின் நகல் இருந்தது. அதில் இருந்த டிரம் இரண்டு விளிம்பிலும் கருநீலமாக ஆரம்பித்து, நடுவில் வெள்ளியாக முடிந்தது. நீலம் எங்கே நின்றது, வெள்ளி எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஒன்று மற்றொன்றுக்குள் கரைந்து போயிருந்தது. அதே மாதிரி வேண்டும் என்றார். அதுவும் போன வாரம் அடித்த மாதிரி இருக்கக் கூடாது, அறுபது வருஷமாக இருந்த மாதிரி இருக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டாள். மனதுக்கு ஒரு திருப்தி என்றார்.

முடியாது என்று சொல்ல அவள் வாயைத் திறக்கும்போதே அக்காவின் போன் வந்தது. "கொஞ்சம் பண்ணிக் குடுத்துடுடி" என்றாள் அக்கா. போன வாரம் அவர் கடையில் விற்கும் டப்பா ஸ்ப்ரேயை வாங்கி பால்கனியில் வைத்து முயற்சி பண்ணினாராம். கீழ் வீட்டுக்காரர்கள் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டையெல்லாம் நீலம் பாரித்துவிட்டதாம். நீ செய்யாவிட்டால் அடுத்தது படுக்கையறையில் நடக்கும் என்றாள். அக்கா பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் மெதுவாகத்தான் சொல்லுவாள். அதனாலேயே தட்ட முடியாது.

பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் அடித்துத் தயார்படுத்தவே முதல் ஞாயிறு போனது. அதுவரை அவளுக்கு இது இன்னொரு அலட்டல் வேலை. ஒரு வீணாய்ப்போன பிளாஸ்டிக் குழாயை நிற்க வைத்து முதல் முறை அடித்துப் பார்த்தபோதுதான் கதை வேறு என்று புரிந்தது. கார் கதவுக்கு ஒரு ஓரம் இருக்கிறது. அங்கே போய்க் கையை எடுத்துவிடலாம். உருளைக்கு ஏது ஓரம்? சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வர வேண்டும். வரும்போது ஆரம்பித்த இடம் எது என்று தெரியக் கூடாது. குழாயில் அது புண்ணின் தழும்பு மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

டிங்கர் ஒரு உடைந்த சுழல் நாற்காலியின் அடிப்பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அடிபட்ட தகரத்தைத் தட்டி நிமிர்த்துபவர் அவர். அதே பட்டறையில் அவளுக்குக் கூட்டாளி. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நாற்காலியின் மேல் ஷெல்லை வைத்து அவர் ஒரே வேகத்தில் சுற்ற, அவள் கன்னை அசைக்காமல் பிடித்தாள். முதலில் முழுதும் வெள்ளி. அது காய்ந்ததும் நீலம், பால் மாதிரி நீர்க்கக் கரைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து. கன்னின் மூக்கு நடுவைப் பார்க்கக் கூடாது. நடுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் சிதறுகிற தூசி வெளியே போகும். ஒரு சுற்றில் ஒன்றுமே விழாத மாதிரி இருக்கும். பத்தாவது சுற்றில் ஒரு நிழல் தட்டும். முப்பதாவது சுற்றில் அவசரப்பட்டால் போச்சு.

பெரிய ஷெல்லில் அவசரப்பட்டாள். யாரிடமும் சொல்லாமல் மொத்தத்தையும் தின்னர் வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி வெள்ளியிலிருந்து ஆரம்பித்தாள்.

புரொபசர் ஒவ்வொரு ஞாயிறும் வந்துவிடுவார். முகமூடி போடச் சொன்னால் அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் யார் முகமூடி போட்டார்கள் என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பத்து நிமிஷம் இருமுவார். கன்னை இன்னும் கிட்டே பிடி, இன்னும் தள்ளிப் பிடி, நடுவைப் பார்த்துச் சாய்த்துப் பிடி என்று வீடியோவில் பார்த்ததையெல்லாம் ஒப்பிப்பார். மூன்றாவது ஞாயிறு, ஸ்னேரைத் தானே அடிப்பதாகப் பிடிவாதம் பிடித்தார். என் கை பட்டதும் ஒன்று இருக்க வேண்டாமா என்றார். அவள் கன்னைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளியின் மேல் வரிக்குதிரை ஒன்று படுத்துவிட்டது. அதன் மேலேயே இன்னொரு கை போட்டார். அழுத பெண்ணின் கண் மை மாதிரி நீலம் கீழே ஒழுகியது. அவர் கன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் ஏதோ கோளாறு என்றார்.

டிங்கர் நாற்காலியைச் சுற்றுவதை நிறுத்தினார். "கன்ன மாத்திப் பாக்கலாமா, ஆள மாத்திப் பாக்கலாமா?" என்று சாவதானமாகக் கேட்டார்.

நாலாவது ஞாயிறு, அவர் கெடுத்த ஸ்னேரையும் துடைத்து அவளே மறுபடி அடித்ததோடு எல்லாம் முடிந்தது. கடைசியாகப் பளபளப்புக்கு அடிக்கும் லாக்கரில் ரெண்டு சொட்டுப் பழுப்பு கலந்து, வெள்ளிக்கு ஒரு பழைய மஞ்சள் ஏற்றியிருந்தாள். கீறல் மட்டும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, பெரியதில் பெரிதாகவும் சிறியதில் சிறிதாகவும் அந்த வெள்ளிப் பட்டை ஒரே விகிதத்தில் நின்றது. டிங்கர் தூரத்திலிருந்தே பார்த்தார். பிறகு போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, கிட்டே நின்று பார்த்தார். புரொபசர், நீலம் ஒரு சிட்டிகை தூக்கல் என்றார். எடுத்துக்கொண்டு போய் வீட்டுச் சாவியால் அவரே அங்கங்கே கீறிக்கொண்டார்.

பழைய டிரம் சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு வங்கிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் கூடத்தில் கண்காட்சி வைப்பார்கள். படியில் தூக்கிக்கொண்டு ஏற ஆள் வேண்டும் என்று புரொபசர் மச்சினியையும் கூப்பிட்டார். தானும் வருவதாகச் சொல்லி அக்கா கூப்பிட்டதால் போனாள்.

கூடத்தில் நாற்பது ஆண்கள். எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை. மேஜை மேஜையாக டிரம், ஒவ்வொரு மேஜையிலும் 'தயவுசெய்து தட்டாதீர்கள்' என்று அட்டை. தட்டுவதற்கென்றே பிறந்த சாமான் நூறு இருக்கும். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நிசப்தம். ஒருவர் ஒரு திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார், மூன்று பேர் அதைச் சுற்றி நின்று, பிறந்த குழந்தையின் ஜாடையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களையெல்லாம் கல்யாணம் செய்துகொண்டு எங்கேயோ இன்னும் முப்பத்தொன்பது பேர் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டாள்.

சங்கத் தலைவர் ஒவ்வொரு மேஜையாக வந்தார். விரலால் சுண்டிப் பார்த்தே மரம் எந்த வருஷத்தது என்று சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றிப் பேச்சு. சட்டைப் பையில் குட்டி டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்திருந்தார். புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு வயதான இசைக்காரர் வீட்டுப் பரணில் நாற்பது வருஷம் கிடந்த செட் இது, பெட்டியையே பிரிக்கவில்லை, பெயிண்ட் எல்லாம் தொழிற்சாலையில் அடித்ததுதான், தான் துடைத்ததோடு சரி என்றார். கண் இமைக்காமல் சொன்னார்.

மனத்திருப்தி என்று சொன்னதன் அர்த்தம் பெயிண்டருக்கு அப்போதுதான் விளங்கியது. காறித் துப்பலாம் போல் வந்தது. வாயைத் திறக்கப் போனாள்.

அதற்குள் தலைவர் பெரிய டிரம்மின் முன்னால் மண்டியிட்டுவிட்டார். டார்ச்சை அடித்து, நீலம் வெள்ளியில் கரையும் இடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். பிறகு எல்லோரையும் கிட்டே கூப்பிட்டார். இதைப் பாருங்கள் என்றார். எங்கே ஆரம்பித்தான், எங்கே முடித்தான் என்று சொல்ல முடிகிறதா என்று கேட்டார். இது கன்னால் அடித்ததா, மூச்சால் ஊதினதா என்று கேட்டார். நாற்பது தலைகள் குனிந்தன.

பெயிண்டர் வாயை மூடிக்கொண்டாள்.

பயத்தினால் இல்லை, அக்காவின் மானத்துக்காகவும் இல்லை. அவளுக்கு அது காதில் தேனாக இறங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வேலையைப் பார்த்து ஜனங்கள் சொன்ன அதிகபட்சப் பாராட்டு, "இடிச்சதே தெரியல" என்பதுதான். வேலை நன்றாக இருந்தால் வேலையே கண்ணுக்குத் தெரியாது, அதுதான் அவள் தொழில். இங்கே ஒரு பெரிய மனிதர் முழங்காலில் நின்று அவள் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அத்தானின் பொய் நிலைத்தால்தான் அந்தப் பேச்சும் நிலைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. நிலைக்கட்டுமே என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள், ஸ்னேரைப் பற்றியும் சொல்லுங்கள் என்று, மிட்டாய்க் கடை வாசலில் நிற்கும் பிள்ளை மாதிரி நின்றாள். நிற்கிறோம் என்று தெரிந்தே நின்றாள்.

தலைவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இப்பல்லாம் இத அடிக்க ஆள் கிடையாது. அந்தக் கையெல்லாம் செத்துப் போச்சு" என்றார்.

"சாகல" என்று ஒரு குரல் கேட்டது. நூலகத்தில் பேசுகிற அதே தணிந்த குரல். கூடம் நிசப்தமாக இருந்ததால் கடைசி மேஜை வரைக்கும் போனது. "இதோ நிக்கறா. என் தங்கச்சி. போன மாசம் அவ பட்டறைல அடிச்சா. நாலு ஞாயித்துக்கிழம."

புரொபசர் முகத்தில் ஈ ஆடவில்லை. அந்த ஒரு தடவைதான் அவர் விரலைத் தூக்கி மறுக்காமல் இருந்தது.

நாற்பது பேரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். நகக் கண்ணில் நீலம் இருந்த கையை அவள் பின்னால் கட்டிக்கொண்டாள். தலைவர் ஒரு கணம் திகைத்தார், அவ்வளவுதான். மறுபடி டார்ச்சை எடுத்தார். நான் சந்தேகப்பட்டேன் என்றார். இந்த இடத்தில் நீலம் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது பாருங்கள் என்றார். இங்கே மாற்றம் சீராக இல்லை என்றார். ரொம்பச் சுத்தமாக இருப்பதே ஒரு குறைதான், அந்தக் காலத்து வேலையில் ஒரு உயிர் இருக்கும், இதில் அது இல்லை என்றார். அதே டிரம், அதே டார்ச், அதே கண். நடுவில் இரண்டு நிமிஷம்கூடப் போகவில்லை. நாற்பது தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின. மூச்சால் ஊதினதா என்று அவர் கேட்டபோது குனிந்த அதே தலைகள்.

உண்மையில் ஒரு குறை இருந்தது. பெரிய டிரம்மின் கீழ்ப்பக்கம், கால் மாட்டும் துளைக்குப் பக்கத்தில், கம்ப்ரஸரில் காற்று இறங்கிய ஒரு நொடியில், நாலு விரல் அகலத்துக்குப் புள்ளி பெரிதாக விழுந்திருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தலைவர் இல்லாத மூன்று குறைகளைக் கண்டுபிடித்தார். இருந்த ஒன்றைத் தாண்டித் தாண்டிப் போனார்.

வேனில் திரும்பும்போது புரொபசர் முன்னால் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் டிரம்களுக்கு நடுவில் அக்காவும் தங்கையும் இடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் குறை சொன்ன அவமானத்தைத் தாங்க முடியாமல்தான் தங்கை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவன் கிடக்கிறான் விடு என்று தோளைத் தட்டினாள்.

"நீ ஏன்க்கா இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாது?" என்றாள் பெயிண்டர்.

அக்காவுக்குப் புரியவில்லை. பெயிண்டர் மென்று முழுங்கிக்கொண்டே சொன்னாள். அத்தானைக் காட்டிக்கொடுக்கத் தனக்கு வாய் வந்தது, தலைவர் புகழ ஆரம்பித்ததும் வாய் அடைத்துவிட்டது, ஊரையே இளக்காரமாகப் பேசுகிற தானும் அந்தக் கையுறைக் கூட்டத்தோடு சேர்ந்து நின்றுவிட்டதாகச் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டு முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் சிரித்தாள். முன் சீட்டில் புரொபசரின் காது சிவந்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். உலகத்தில் எது நடந்தாலும் தன்னைப் பற்றித்தான் என்பது அவருடைய பழைய நம்பிக்கை.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா டிரம்களைச் சாப்பாட்டு அறைக்குள் விடவில்லை. படுக்கைக்கு அடியிலிருந்து மேஜையின் கால்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள். இதை மாட்டுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் மாட்டினார். இருந்த டிரம்களெல்லாம் படுக்கையறைக்குப் போயின. இப்போது புரொபசர் பெரிய டிரம்மைத் தாண்டித்தான் கட்டிலில் ஏற வேண்டும். இரண்டு தடவை இடித்துக்கொண்டதாகக் கேள்வி.

மூன்று வாரம் கழித்து ஒரு நடுப்பகலில் சங்கத் தலைவர் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு ஸ்னேர் ஷெல். கையுறை இல்லை. அவர் பெயிண்டர் எங்கே என்று கேட்கவில்லை, நேராக அவளிடம் வந்தார். அந்த நீலத்தை இதில் அடித்துத் தர முடியுமா என்று, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு கேட்டார்.

அந்த மூன்று குறைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், இதில் அது வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் பெயிண்டர். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்றைக்கு விளக்கு வெளிச்சம் சரியில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் பழைய மஞ்சளும் ஏற்றித் தரச் சொன்னார்.

"அது மட்டும் முடியாதுங்க" என்றாள். "புதுசா அடிச்சுத் தரேன். வேணும்னா நீங்க அறுபது வருஷம் வச்சிருங்க."

புதுசாகவே அடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் தனித்தனியாக, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல். சங்கத்தில் யாரும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் டிரம் வேலை மட்டும் என்று ஆகிவிட்டது. டிங்கர் நாற்காலிக்குப் புது பேரிங் போட்டுக் கொடுத்தார்.

செய்தி புரொபசர் காதுக்கும் எட்டியது. இரண்டு மாதம் மச்சினியிடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர், ஒரு ஞாயிறு காலை மடிப்புக் கலையாத சட்டையில் வந்து சேர்ந்தார். வெளியே ஷெல்லோடு காத்திருந்த ஒரு ஆளின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "என் மச்சினிதான். கார் கதவுக்கு அடிச்சிட்டிருந்தா, நான்தான் இதுக்குக் கொண்டுவந்து பழக்கினேன்" என்று அவர் சொல்வது உள்ளே தெளிவாகக் கேட்டது. அந்த ஆள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தான். கன்னை நடுவைப் பார்த்துச் சாய்த்துப் பிடிப்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது என்று புரொபசர் விரலைத் தூக்கினார்.

டிங்கர் அவளைப் பார்த்தார். போய்ச் சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார்.

வேண்டாம், சுற்றுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, பெயிண்டர் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு கம்ப்ரஸரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் வெளியே பேசுவது எதுவும் கேட்காது.